கட்டுச்சோறும் கர்ஜத் வடையும்

மாட்டுங்கா ஒர்க்‌ஷாப்பில் முப்பத்தெட்டு வருடம் ரயில் பெட்டிகளோடு மல்லுக்கட்டிவிட்டு 2019-இல் ஓய்வு பெற்றவன் நான். ஜி.ஐ.பி. ரயில்வே 1915-இல் தொடங்கிய பழம்பெரும் பட்டறை அது. பெட்டியைத் தூக்கு, போகியைக் கழற்று, பிரேக்கைப் பார், இறக்கு என்றே காலம் ஓடிவிட்டது. வீட்டில் அடுப்புப் பக்கம் எனக்கு வேலையே கிடையாது. தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குள் நுழைந்தால்கூட, "என்ன வேணும்? நான் எடுத்துத் தாரேன், நீங்க உருட்டாதீய" என்று வீட்டுக்காரி குரல் கொடுத்துவிடுவாள்.

ஓய்வு பெற்ற மறு வருடம் அவளுக்கு விரல் மூட்டுகளில் வாதம் வந்தது. மாவு பிசையக் கூடாது, தேங்காய் துருவக் கூடாது, கனமான பாத்திரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆக, 2020-இல் செம்பூர் வீட்டுச் சமையலறையின் 'சார்ஜ்' என் கைக்கு வந்தது. ரயில்வேயில் சார்ஜ் எடுத்தால் முதலில் இருப்பைச் சரிபார்க்க வேண்டும். நானும் அப்படியே செய்தேன். டப்பாக்களை இறக்கி, துடைத்து, லேபிள் ஒட்டினேன். உளுந்தம்பருப்பு டப்பாவில் துவரம்பருப்பு இருந்தது. "இது தப்பில்லையா?" என்றேன். "எனக்குத் தெரியும்லா" என்றாள். நியாயம்தான்.

கூடவே ஒரு நோட்டுப் புத்தகமும் போட்டேன். தேதி, அளவு, நேரம், பலன், பிழை என்று ஐந்து பத்தி. பக்கத்து வீட்டு மதினி அதைப் பார்த்துவிட்டு, "அண்ணன் சாம்பாருக்கு டிராயிங் போடுதாவ" என்று மாடி முழுக்கச் சொல்லிவிட்டார். போகட்டும். அந்த நோட்டுக்கு ஒரு பழைய காரணம் உண்டு. அது 1994 மே மாதத்துக் கதை.

அந்தத் தயிர்சாதம்

மாமியாருக்கு உடம்பு சரியில்லை என்று தந்தி வந்து, வீட்டுக்காரி முன்னாலேயே ஊருக்குப் போய்விட்டாள். பத்து நாள் கழித்துப் பள்ளி விடுமுறை விட்டதும், ஒன்பது வயதுப் பையனையும் ஆறு வயது மகளையும் கூட்டிக்கொண்டு நான் கிளம்பினேன். அந்தக் காலத்தில் நம்மில் பலருக்கும் வழி அதுதான். மெட்ராஸ் மெயில் பிடித்து சென்ட்ரலில் இறங்கி, எழும்பூருக்குப் போய், மீட்டர் கேஜில் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏற வேண்டும்.

வழிச் சாப்பாட்டுக்கு எவ்வளவோ பேர் உதவ வந்தார்கள். எனக்கு வீறாப்பு. "ஒரு தயிர்சாதம் பிசைய எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டேன். சாயங்காலம் ஆறு மணிக்குக் குக்கரைத் திறந்தேன். ஆவி பறக்கிற சோற்றில் அப்படியே பாலை ஊற்றினேன். வழியில் புளிக்கக் கூடாது என்று தயிர் ஒரே ஒரு கரண்டி. உப்புப் போட்டுப் பிசைந்து, எவர்சில்வர் சம்புடத்தில் அழுத்தி நிரப்பி, சூடு ஆறாமல் இருக்கட்டும் என்று இறுக்கி மூடிப் பைக்குள் வைத்தேன்.

இரவு பக்கத்து வீட்டார் கொடுத்த சப்பாத்தி. காலையில் பிளாட்பாரத்தில் வாங்கிய இட்லி. மறுநாள் மதியம் ராய்ச்சூர் பக்கம் சம்புடத்தைத் திறந்தேன். வெளியே அனல் காற்று. சோறு கொஞ்சமும் புளிக்கவில்லை. பால் மணம் மாறாமல் இருந்தது. பெருமையாக இருந்தது எனக்கு. பையன் ஊறுகாயையும் பிஸ்கட்டையும் தின்றுவிட்டுச் சோறு வேண்டாம் என்றான். மகள் நல்ல பிள்ளையாக இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

மூன்று மணி இருக்கும். குழந்தை வாந்தி எடுக்க ஆரம்பித்தாள். நின்றபாடில்லை. எனக்கும் வயிற்றைப் புரட்டியது. அரை மணிக்குள் பிள்ளை துவண்டுபோய் என் மடியில் கிடந்தாள். கண் செருகியது. ரயில்வேக்காரன் என்று மார்தட்டிக்கொள்கிற எனக்குக் கை கால் ஓடவில்லை. எதிர் சீட்டில் இருந்த ஒரு மராட்டிய அம்மாள்தான் கொதித்து ஆறிய தண்ணீரில் சர்க்கரையும் உப்பும் கலந்து, ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்டினார். டி.டி.இ. செய்தி அனுப்ப, அடுத்த பெரிய ஜங்ஷனில் டாக்டர் பெட்டிக்கே வந்து ஊசி போட்டார். இரவு ஏழு மணிக்குப் பிள்ளை கண் திறந்து, "அப்பா, தயிர்சோறு வேண்டாம்" என்றாள்.

ஊர் போய்ச் சேர்ந்ததும் வீட்டுக்காரி திட்டவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "சோத்தச் சூட்டோடயா பெசஞ்சிய?" ஆமாம் என்றேன். தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு அன்று விளங்கவில்லை. கேட்கவும் வெட்கம்.

இருபத்தாறு வருடம் கழித்து விடை

சமையலறை என் வசம் வந்ததும் முதலில் செய்து பார்த்த சோதனை இதுதான். ஒரு தெர்மாமீட்டரும், அமிலம் பார்க்கிற பி.எச். காகிதமும் வாங்கினேன். இரண்டு கிண்ணம். முதல் கிண்ணத்தில் 1994-இல் செய்தபடியே, 85 டிகிரி சூட்டில் சோறு, பால், ஒரு கரண்டி தயிர். இரண்டாவதில் கை பொறுக்கிற இளஞ்சூட்டுக்கு ஆற வைத்த சோறு, ஆறிய பால், அதே ஒரு கரண்டி தயிர். இரண்டையும் மூடி மேடையில் வைத்தேன்.

எட்டு மணி நேரம் கழித்துத் திறந்தால், இரண்டாவது கிண்ணம் நன்றாகப் புளித்துத் தயிராகியிருந்தது. முதல் கிண்ணம் புளிக்கவே இல்லை. காகிதமும் அதையே சொன்னது.

விஷயம் இதுதான். தயிரில் இருக்கிற நல்ல நுண்ணுயிர்களுக்கு 40, 45 டிகிரி வரை கொண்டாட்டம். கொதிக்கிற சோற்றில் போட்டால் அத்தனையும் செத்துவிடும். ஆனால் அரிசியில் இயற்கையாகவே ஒட்டிக்கொண்டிருக்கிற 'பாசில்லஸ் சீரியஸ்' என்ற கிருமியின் விதைகள் சமையல் சூட்டுக்குச் சாகாது. சோறு மெல்ல மெல்ல ஆறும்போது அவை முளைக்கும், பெருகும், நஞ்சை விடும். தயிர் உயிரோடு இருந்தால் புளிப்பை உண்டாக்கி அவற்றை அடக்கி வைக்கும். நான்தான் காவல்காரனைக் கொன்றுவிட்டுக் கதவையும் சாத்திவிட்டேனே! இந்தக் கிருமியின் வாந்தி நஞ்சு சாப்பிட்ட ஒரு மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வேலையைக் காட்டும். திரும்பச் சூடு பண்ணினாலும் அந்த நஞ்சு போகாது.

புளிக்கவில்லை என்று நான் பெருமைப்பட்டேன் பாருங்கள், அந்தப் புளிக்காததுதான் அபாய அறிவிப்பு. சிவப்பு சிக்னலைப் பச்சை என்று படித்திருக்கிறேன். வீட்டுக்காரிக்குப் பாசில்லஸும் தெரியாது, பி.எச்.சும் தெரியாது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி தெரிந்திருந்தது. அன்று ராத்திரி அவளிடம் விளக்கிச் சொன்னேன். "இதுக்கா இத்தன சாமான் வாங்குனிய? எங்கம்மைட்ட கேட்டா ஒரு நிமிசத்துல சொல்லியிருப்பா" என்றாள்.

தாராவி இட்லிக்காரர்

அடுத்து இட்லி. வழிக்கு இட்லி கட்டுவது நம் ஊர் வழக்கம். ஆனால் என் இட்லி காலைக்குள் பிசுபிசுத்தது. மாவு விகிதம்தான் பிழை என்று நினைத்து, அரிசிக்கு உளுந்து நாலுக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று, இரண்டரைக்கு ஒன்று என்று மூன்று விதமாக அரைத்தேன். பம்பாய் மழைக்காலத்தில் இரவு எட்டு மணிக்குக் கரைத்த மாவு விடிவதற்குள் பொங்கி மேடையெல்லாம் வழியும். ஜனவரியில் அதே மாவு சோம்பிக்கொண்டு கிடக்கும். அதையெல்லாம் குறித்தேன். ஆனாலும் பிசுபிசுப்பு போகவில்லை.

தாராவியில் 90 அடி ரோட்டுப் பக்கத்துச் சந்துகளில் இட்லி போடுகிறவர்களை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பின்னிரவில் எழுந்து அவித்து, பெரிய அலுமினியப் பாத்திரத்தில் அடுக்கி, சைக்கிளில் கட்டிக்கொண்டு, பாம்-பாம் என்று ஹார்ன் அடித்தபடி பம்பாய் முழுக்க விற்கப் போகிறவர்கள். பெரும்பாலும் நம் தென்பாண்டிச் சீமைக்காரர்கள். தெரிந்த ஒருவரைப் பிடித்து, ஒருநாள் காலை நாலு மணிக்கு அவர் அடுப்பங்கரையில் போய் நின்றேன். என் நோட்டைப் பார்த்துச் சிரித்தார்.

"அண்ணாச்சி, இட்லியக் கெடுக்கது மாவு இல்ல. மூடித் தண்ணி" என்றார்.

அவித்த இட்லியை அவர் உடனே பாத்திரத்தில் போடவில்லை. ஓலைப் பாயில் துணி விரித்துப் பரப்பி ஆவி போகவிட்டார். பிறகுதான் அடுக்கினார். மூடிக்கு உள்பக்கம் ஒரு வெள்ளைத் துணி. ஆவி மூடியில் பட்டுத் தண்ணீராகி இட்லி மேல் சொட்டாமல் துணி குடித்துக்கொள்கிறது. ஏ.சி. பெட்டிகளில் தண்ணீர் சொட்டுகிறது என்ற புகாருக்கு எத்தனை தடவை நானே கூரையைப் பிரித்திருக்கிறேன்! அதே ஆவி, அதே குளிர்ந்த தகடு. சம்புடத்தில் நடக்கிறபோது எனக்குத் தோன்றவில்லையே.

இப்போது என் முறை இது. இட்லியை முழுக்க ஆற வைத்து, மிளகாய்ப் பொடியை நல்லெண்ணெயில் குழைத்து, அடி, மேல், ஓரம் என்று இடம் விடாமல் பூசுவேன். எண்ணெய் ஒரு மேல்சட்டை மாதிரி இட்லியைக் காயாமல் பார்த்துக்கொள்கிறது. மாட்டுங்கா மார்க்கெட்டில் வாங்கிய வாழையிலையை அடுப்புத் தணலில் ஒரு முறை காட்டினால் துவண்டு, மடித்தாலும் கிழியாது. அதில் ஆறு ஆறாகக் கட்டி, மேலே ஒரு தாள். தேங்காய்ச் சட்னி மட்டும் கூடவே கூடாது.

புளியோதரை, ஏழு தடவை

1981-இல் நான் முதன்முதலாகப் பம்பாய்க்கு ரயிலேறியபோது அம்மா கட்டிக் கொடுத்தது புளியோதரை. எழும்பூர் வரை ஒரு பொட்டலம், சென்ட்ரலிலிருந்து ஒரு பொட்டலம். தாதரில் இறங்கிய பிறகும் இலையில் ஒட்டியிருந்த பருக்கையை வழித்துத் தின்றது ஞாபகம் இருக்கிறது. அம்மா 2003-இல் போய்விட்டாள். அளவு யாரும் எழுதி வைக்கவில்லை. "கைக்கணக்கு" என்பாள். அந்தக் கையும் இல்லை.

ஏழு தடவை செய்து பார்த்தேன். முதல் தடவை புளிக்காய்ச்சலில் தண்ணீர் மிஞ்சிப்போய் மறுநாளே வாடை அடித்தது. இரண்டாவதில் சோறு குழைந்தது. மூன்றாவதில் வெந்தயம் கருகிக் கசந்தது. நாலாவதில் உப்புக் குறைவு. ஐந்தாவதில் நிலக்கடலையை முன்னாலேயே கலந்ததால் நமுத்துப் போனது. ஆறாவது பரவாயில்லை. ஏழாவதை வாயில் வைத்ததும் வீட்டுக்காரி ஒன்றும் பேசாமல் இன்னொரு பிடி எடுத்தாள்.

அந்த ஏழாம் அளவு: அரை கிலோ பச்சரிசிக்குப் புளி 100 கிராம், நல்லெண்ணெய் 150 மில்லி, வற்றல் மிளகாய் 15, பெருங்காயம், மஞ்சள், கடுகு, கடலைப்பருப்பு. வறுத்துப் பொடித்த வெந்தயம் ஒரு டீஸ்பூன், மல்லி இரண்டு டேபிள்ஸ்பூன். கெட்டியாகக் கரைத்த புளியை எண்ணெய் தனியே பிரிந்து ஓரத்தில் நிற்கும்வரை கொதிக்கவிட வேண்டும். தண்ணீர் போய்விட்டது என்பதற்கு அந்த எண்ணெய்தான் சாட்சி. சோறு உதிரியாக இருக்க வேண்டும். அகலத் தாம்பாளத்தில் பரப்பி, இரண்டு ஸ்பூன் நல்லெண்ணெய் தெளித்து, மின்விசிறிக்குக் கீழே சீக்கிரம் ஆற வைக்க வேண்டும். ஆறிய சோற்றில் ஆறிய காய்ச்சல். கடலையைத் தனிப் பொட்டலமாகக் கொண்டுபோய்ச் சாப்பிடும்போது கலந்துகொள்ளலாம். வெங்காயம், தேங்காய் அண்டக் கூடாது.

புளிப்பு, உப்பு, எண்ணெய், ஈரமின்மை ஆகிய நான்கும் சேர்ந்துதான் காவல். பி.எச். 4.6-க்குக் கீழே இருந்தால் கெட்ட கிருமிகள் பெருகுவது அரிது. என் புளியோதரை 4-ஐ ஒட்டி நின்றது. இருந்தாலும் மே மாத ரயிலில் ஒரு நாளுக்கு மேல் நான் வைத்துக்கொள்வதில்லை. "அந்தக் காலத்தில் மூணு நாள் தாங்கும்" என்று சொல்கிறவர்களோடு நான் வாதாடுவதும் இல்லை.

பக்கத்து சீட்டின் டப்பா

ரயிலில் நம் டப்பாவைவிட அடுத்தவர் டப்பாவில்தான் ருசி அதிகம். ஒருமுறை சோலாப்பூரில் ஏறி, திருப்பதி தரிசனத்துக்காக ரேணிகுண்டாவில் இறங்க வேண்டிய ஒரு குடும்பம் எதிரே உட்கார்ந்தது. மூட்டையிலிருந்து அப்பளம்போல் மொறுமொறுவென்று ஒரு சோள ரொட்டியை எடுத்தார்கள். கடக் பாக்ரி. ஈரம் போகக் காய வைத்தது, வாரக்கணக்கில் கெடாது. தொட்டுக்கொள்ள 'ஷேங்கா சட்னி' என்கிற வேர்க்கடலைப் பொடி. நான் புளியோதரையை நீட்டினேன். அந்தப் பெரியவர் ஒரு வாய் போட்டுவிட்டு, "இதில் என்ன ரகசியம்?" என்று இந்தியில் கேட்டார். "உங்கள் ரொட்டியில் இருக்கிற அதே ரகசியம்தான். தண்ணீர் இல்லை" என்றேன்.

குஜராத்திக்காரர் தேப்லாவைப் பாருங்கள். தயிர் விட்டுப் பிசைந்து, வெந்தயக் கீரை போட்டு, எண்ணெயில் வாட்டி எடுப்பது. அங்கும் புளிப்பும் எண்ணெயும். ஜப்பானில் ரயில் பயணத்துக்கென்றே 'எகிபென்' என்று சாப்பாட்டுப் பெட்டி உண்டு. 1885-இல் உட்சுனோமியா நிலையத்தில் விற்ற சோற்றுருண்டைதான் அதன் தொடக்கம் என்று சொல்வார்கள். உருண்டைக்கு நடுவே உப்பில் ஊறிய புளிப்புப் பழம் ஒன்று. நம் அம்மாமார்கள் மாவடுவைச் சோற்றில் புதைத்துக் கொடுக்கவில்லையா? மொழி வேறு, அடுப்பு வேறு. வழிநடைக்குக் கட்டிக் கொடுத்தவர்கள் எல்லாரும் ஒரே முடிவுக்குத்தான் வந்திருக்கிறார்கள்.

வாங்கியும் சாப்பிடலாம்

கட்டுச்சோறு உண்டு என்பதற்காக வாயைக் கட்டச் சொல்லவில்லை. கர்ஜத்தில் வண்டி நின்றால் நான் வடை வாங்காமல் இருந்ததில்லை. அங்கே வண்டி நிற்பதற்கே ஒரு காரணம் உண்டு. கர்ஜத்திலிருந்து லோனாவாலா வரை சுமார் 28 கிலோமீட்டர் போர் காட் மலையேற்றம். 37 அடி போனால் ஒரு அடி உயர்கிற செங்குத்து. 1863-இல் திறந்த பாதை அது. 1871-இல் ராய்ச்சூரில் இந்தப் பக்கத்து ரயிலும் மெட்ராஸ் பக்கத்து ரயிலும் கை குலுக்கிய பிறகுதான் பம்பாயிலிருந்து நம் ஊருக்கு முழு வழி கிடைத்தது. ஏற்றத்துக்கு முன்னால் இழுக்கிற எஞ்சின் போதாது. பின்னாலிருந்து தள்ளுவதற்குக் கர்ஜத்தில் 'பேங்கர்' எஞ்சின்களை மாட்டுவார்கள். அந்தச் சில நிமிடத்தில் பிறந்ததுதான் கர்ஜத் வடையின் புகழ். திவாட்கர் வடையைத் தெரியாத ரயில் பயணி இந்தத் தடத்தில் உண்டா? மேலே ஏறினால் லோனாவாலா சிக்கி. மறுகோடியில் நம் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் அதற்குத் தங்கச்சி. 2020-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

வாங்குவதில் எனக்கு ஒரே விதிதான். என் கண்ணெதிரே எண்ணெயிலிருந்தோ கல்லிலிருந்தோ சூடாக எடுத்ததை வாங்குவேன். காலையில் செய்து தட்டில் அடுக்கியது, வெட்டி வைத்த பழம், ஐஸ் போட்ட பானம் மூன்றுக்கும் கும்பிடு.

ஊருக்குப் போக முடியாத மாதங்களில் மாட்டுங்காவே எனக்குப் பயணம். ஸ்டேஷன் பக்கத்தில் 1942-இல் தொடங்கிய ராமா நாயக் உடுப்பி போர்டிங்கில் வாழையிலை விரித்து உட்கார்ந்தால் ரயில் டிக்கெட் மிச்சம்.

அடுப்பு மட்டும் வேண்டாம்

பெட்டி செய்தவன் என்ற முறையில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். சென்ற பயணத்தின்போது என் மருமகன், "மாமா, சின்ன எலெக்ட்ரிக் கெட்டில் எடுத்துக்கலாம், வண்டியிலேயே நூடுல்ஸ் போட்டுறலாம்" என்றார். வேண்டவே வேண்டாம் மாப்பிள்ளை என்றேன். பெட்டியில் இருக்கிற சாக்கெட் செல்போனுக்கும் லேப்டாப்புக்கும் ஏற்ற பளு தாங்குகிற அளவு ஒயரில் வருகிறது. கெட்டில் இழுக்கிற மின்சாரத்தில் அந்த ஒயர் பலகைக்குப் பின்னால், நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சூடாகும்.

கேஸ், மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2023 ஆகஸ்ட் 26 விடியற்காலை மதுரை ஸ்டேஷன் அருகே நிறுத்தியிருந்த சுற்றுலாப் பெட்டி எரிந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். உத்தரப் பிரதேசத்திலிருந்து யாத்திரை வந்தவர்கள். விதியை மீறி உள்ளே கொண்டுவந்த கேஸ் சிலிண்டர். ஒன்பது உயிர் போயிற்று. ரயில்வே சட்டம் 1989-இன் 164-ஆம் பிரிவின்படி ஆபத்தான பொருளைக் கொண்டு போனால் மூன்று வருடம் வரை சிறை உண்டு. சட்டத்தை விடுங்கள். எரிந்த பெட்டிகளைப் பட்டறையில் பார்த்தவன் நான். ஒரு டம்ளர் டீக்காகவா?

ஐந்து வேளை டைம்டேபிள்

இப்போது சி.எஸ்.எம்.டி.யில் இரவு நாகர்கோவில் எக்ஸ்பிரஸ் ஏறினால் மூன்றாம் நாள் காலை திருநெல்வேலி. ஐந்து வேளைச் சாப்பாடு. நான் பின்பற்றுகிற அட்டவணை இது.

முதல் இரவு: தயிர்சாதம். ஆற வைத்துப் பிசைந்தது, நாலு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். மறுநாளுக்குக் கிடையாது.

மறுநாள் காலை: மிளகாய்ப் பொடி இட்லி.

மதியம்: புளியோதரை, வறுத்த அப்பளம் அல்லது வற்றல்.

இரவு: சப்பாத்தியும் எலுமிச்சை ஊறுகாயும். அல்லது வழியில் சூடாகக் கிடைப்பது.

மூன்றாம் நாள் காலை: பழம், முறுக்கு, பிளாட்பாரத்துக் காப்பி. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஊரே வந்துவிடும்.

கைப்பையில் எப்போதும் எலெக்ட்ரால் பாக்கெட் இரண்டு. அது இல்லாவிட்டால் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அந்த மராட்டிய அம்மாள் அன்று கலந்ததும் ஏறக்குறைய இதுதான். அவர் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

2024 மே மாதம் குலதெய்வக் கோயிலுக்குக் குடும்பத்தோடு போனோம். டோம்பிவிலியில் இருக்கிற மகள், தன் ஆறு வயதுப் பெண்ணோடும் மாப்பிள்ளையோடும் கல்யாணில் ஏறிக்கொண்டாள். வண்டி கர்ஜத்தை நோக்கி ஓடத் தொடங்கியதும் நான் சம்புடத்தைத் திறந்தேன். மகள் என் முகத்தைப் பார்த்தாள். முப்பது வருடமாக அவள் ரயிலில் தயிர்சாதம் தொட்டதில்லை. வீட்டில் சாப்பிடுவாள், ரயிலில் மட்டும் மாட்டாள்.

"யார் செஞ்சது?"

"நான்தான்."

"எப்ப?"

"ஏழு மணிக்கு."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டாள், "ஆற வச்சீங்களாப்பா?"

பக்கத்தில் அவள் அம்மா சிரித்துவிட்டாள். நான் பதில் சொல்லாமல் பையிலிருந்து நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். சோறு 38 டிகிரி, பிசைந்த நேரம் 7.05, மூடிய நேரம் 7.40 என்று எழுதியிருந்தது. அவள் படித்துப் பார்த்துவிட்டு, "அப்பா, நீங்க திருந்தவே மாட்டீங்க" என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டினாள். பேத்தி இரண்டு தட்டு சாப்பிட்டாள். விடிய விடிய எனக்குத் தூக்கம் வரவில்லை. இரண்டு தடவை எழுந்து பேத்தியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

உங்கள் வீட்டிலும் அம்மாவோ ஆச்சியோ கட்டிக் கொடுத்த வழிச்சோறு ஒன்று இருக்கும். கைக்கணக்கு என்று விட்டுவிடாதீர்கள். அவர்கள் இருக்கும்போதே பக்கத்தில் நின்று அளந்து எழுதி வையுங்கள். நம் சங்கத்து இதழுக்கும் ஒரு பிரதி அனுப்பினால், எட்டாவது சோதனைக்கு நான் தயார்.